நான்காம் அறையின் கதவுக்கு வெளியே

ஸ்ஸ்ஸ்... தக்.

ஹோர்சன்ஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள கடையின் கண்ணாடிக் கதவு இப்படித்தான் திறக்கும். முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு சின்னத் தட்டு. நான் வேலைசெய்த ஆஸ்பத்திரியில் நான்காம் ஒப்பரேஷன் அறைக் கதவுக்கும் இதே பெருமூச்சு, இதே தட்டு. அந்தச் சத்தம் கேட்டதும் என் கால்கள் நின்றுவிடுகின்றன. கையில் பாலும் லீக்ஸும் இருக்கும். பின்னால் வருகிறவர் என் முதுகில் முட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பார். நின்றவன் நான், மன்னிப்புக் கேட்பது அவர். டென்மார்க்கில் அப்படித்தான்.

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க என்னை ஏன் கேட்டார்கள் என்று யோசித்தேன். மற்றவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது, அதுதான் காரணம். என் வலது தோள் ஐம்பத்தெட்டு வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டது, நானும் அதோடு வந்துவிட்டேன். நிலானி என்ற இளம் டொக்டரும் தொலைபேசியில் சொன்னாள்: "அங்கிள், அந்த வெள்ளைத் துண்டுக் கதையை நீங்களே எழுதுங்கோ. நான் எழுதினா போஸ்டர் மாதிரி வரும்."

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வந்த புதிதில் இறைச்சித் தொழிற்சாலை, பிறகு மொழிப் பள்ளி, பிறகு சில மாதப் பயிற்சி. அதன் முடிவில் ஒரு சான்றிதழும் இரண்டு சோடி வெள்ளைச் செருப்பும் தந்தார்கள். ஒப்பரேஷன் பகுதியில் சுத்தம் செய்கிறவன், கட்டில் தள்ளுகிறவன், குப்பை கட்டுகிறவன் ஆகிய மூவரும் நான்தான். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே அவசியமில்லை. ரயிலில் போகவேண்டும், அவ்வளவுதான்.

வேலையைச் சொல்கிறேன். ஒப்பரேஷன் முடிந்ததும் பஞ்சுகளையும் ஊசிகளையும், உடலுக்குள் ஒன்றும் விடுபடவில்லை என்று பார்க்க, இரண்டு பேர் வாய்விட்டு எண்ணுவார்கள். எண்ணிக்கை சரிவந்தபின் நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றி, மயக்கம் தெளியும் விழிப்பறைக்கு நேர்ஸ்மார் தள்ளிக்கொண்டு போவார்கள். அதன்பிறகு அறை என்னுடையது. முதலில் குப்பைப் பைகள்: காற்றை வெளியே தள்ளாமல் கழுத்தைத் திருகிக் கட்டவேண்டும், தள்ளினால் அந்தக் காற்று உங்கள் முகத்துக்கு வரும். பிறகு மேலிருந்து கீழே. விளக்கு, விளக்கின் கை, திரை, மேசை. மேசை மெத்தையைத் தூக்கி அடிப்பக்கமும் துடைக்கவேண்டும். புதியவர்கள் அந்த அடிப்பக்கத்தைத்தான் மறப்பார்கள். கடைசியாக நிலம்: தூரத்து மூலையில் தொடங்கி, பின்னால் பின்னால் வந்து, கதவில் முடியும். நீங்கள் வெளியே வரும்போது உள்ளே உங்கள் காலடி ஒன்றும் இருக்கக்கூடாது. நான் அங்கே வந்துபோனதற்கு அடையாளம் இல்லாமலிருப்பதுதான் என் வேலையின் தரம்.

ஆனால் இந்த வேலையைத் தொடங்குவதற்கு முதல் நான் நிற்பேன். கதவுக்கு வெளியே, நிலம் துடைக்கிற மப் வண்டியோடு.

அது தொடங்கியது கெல்சன் காலத்தில். கெல்சன் அப்போது தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர். உயரமான மனிதர், குரல் மட்டும் தாழ்வு. காயத்தின் கடைசித் தையலைக்கூட இளையவர்களிடம் கொடுக்கமாட்டார். தைத்து முடித்ததும் கையுறையைக் கழற்றி, நோயாளியின் நெற்றியில் வெறும் கையை ஒருதரம் வைப்பார். நோயாளியைக் கொண்டுபோனபிறகும் அவர் போகமாட்டார். மூலையிலுள்ள மேசை நாற்காலியில் இருந்து, குறிப்பைச் சொல்லிப் பதிவுசெய்வார். அதுவும் முடிந்தபிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். கண்கள் மூடியிருக்கும். வெளியே யூலன் குடாநாட்டு மழை சன்னலைக் கோடு கோடாக அழிக்கும், உள்ளே அந்த மனிதர் ஒரு விளக்கை அணைத்ததுபோல் இருப்பார்.

என் முதல் நாளில் கதவின் கண்ணாடிச் சதுரத்தினூடாக அதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிதான். அங்கே அப்பாவுக்கு ஒப்பரேஷன் நடந்தபோது, பெரிய டொக்டர் வந்தால் மற்ற எல்லோரும் சுவரோடு சுவராக நின்றதைப் பார்த்திருக்கிறேன். டொக்டர் இருக்கும் இடத்துக்குள் வாளியோடு போவது எனக்கு வராது. நின்றேன்.

அப்போது லோன என்ற நேர்ஸும் புதிது. என்னிடம் கேட்டாள்: "ஏன் நிற்கிறீங்கள்?"

"டொக்டர் வெளியே வருமட்டும் காத்திருக்கிறோம்," என்றேன். டேனிஷில் எனக்கு அப்போது பிழையில்லாமல் வந்த ஒரே நீளமான வாக்கியம் அது. (டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். எழுதும்போது என் கை 'நீங்கள்' என்று மாற்றிவிடுகிறது. மன்னிக்கவும்.)

லோன தலையாட்டினாள். புதியவர்களுக்கான கோப்பைத் தயாரிக்கும் வேலை அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டு கிழமை கழித்து அதில் ஏழாவது வரி இப்படி இருந்தது: சத்திரசிகிச்சை நிபுணர் அறையைவிட்டு வெளியேறிய பின்னரே சுத்தம் தொடங்கும். ஒரு வருடத்தில் அந்தத் தாளை லமினேட் செய்து சுவரில் ஒட்டினார்கள். லமினேட் செய்த தாளை இந்த நாட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆறு வருடத்தில் கெல்சன் ஓய்வுபெற்றார். புதிய டொக்டர்மார் வந்தார்கள். அவர்கள் தியானம் செய்கிறவர்களல்ல. ஆனால் அந்த அறைக்குள் ஒருவரும் வருவதில்லை என்று கண்டுகொண்டார்கள். ஆஸ்பத்திரி முழுக்க அமைதியான இடம் அது ஒன்றுதான். ஆகவே கணினியில் குறிப்பை அங்கேயே எழுதினார்கள். குறிப்பு முடிந்தால் மின்னஞ்சல். அவர்கள் இருந்தபடியால் நாங்கள் உள்ளே போகவில்லை. நாங்கள் போகாதபடியால் அவர்கள் இருந்தார்கள். புதிதாக வந்த சுத்தப் பணியாளர்களுக்கெல்லாம் நான்தான் பயிற்சி கொடுத்தேன். பைகளின் கழுத்து, மெத்தையின் அடிப்பக்கம், கதவுக்கு வெளியே நிற்பது. ஒரு போலந்துக்காரன் மட்டும் "ஏன்?" என்றான். சுவரைக் காட்டினேன்.

நிலானி வந்தது என் பதினெட்டாவது வருடத்தில். ஹொல்ஸ்டெப்ரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாய் தகப்பனுக்கு டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை என்னிடம் மட்டும் தமிழ் கதைத்தாள். பழகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். பயிற்சியிலிருக்கும் டொக்டர் ஒவ்வொருவரும் தங்கள் பகுதியில் எதையாவது திருத்திக் காட்டவேண்டும் என்பது அவர்களின் படிப்பில் ஒரு பங்கு. அவளுக்கு முதல் வந்தவர் கோப்பி மெஷின் தூரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். மெஷினைக் கிட்டக் கொண்டுவந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் போஸ்டர் மெஷினுக்கு மேலேயே தொங்கியது.

நிலானி எடுத்துக்கொண்டது, ஒரு ஒப்பரேஷனுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நேரம். அது நீண்டுபோவதால் பட்டியலின் கடைசி நோயாளி அடிக்கடி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இதில் எல்லோருக்கும் கருத்து இருந்தது. வார்ட்டில் பிந்தி அனுப்புகிறார்கள் என்றார்கள் மயக்கமருந்துக்காரர். மயக்கமருந்துக்காரர்தான் பிந்துகிறார்கள் என்றது வார்ட். நிலானி ஒருவரையும் நம்பவில்லை. நாலாம் அறையின் மூலையில் ஒரு முக்காலியில் இருந்து, இரண்டு கிழமை நிமிடம் நிமிடமாக எழுதினாள். பிறகு கோப்பி அறைச் சுவரில் வண்ணக் காகிதத் துண்டுகளை ஒட்டினாள். மயக்கம் நீலம், ஒப்பரேஷன் சிவப்பு, சுத்தம் பச்சை. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஒவ்வொருமுறையும் ஒரு வெள்ளை.

"அங்கிள், இந்த வெள்ளைத் துண்டில நீங்கள் என்ன செய்யிறீங்கள்?"

"நிக்கிறன்."

"நிக்கிறது தெரியுது. நானும் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். ஏன் நிக்கிறீங்கள்?"

"டொக்டர் உள்ளுக்க இருக்கிறார் பிள்ளை."

"இருந்தா?"

சுவரைக் காட்டினேன். அவள் ஏழாவது வரியைப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த விதியின் மூலத்தை அவள் தேடினாள். சுகாதாரப் பகுதி தங்களுடையதல்ல என்றது. ஆனால் நல்ல விதிபோல் தெரிகிறது, வைத்திருங்கள் என்றது. லோன இப்போது ஒப்பரேஷன் பகுதியின் தலைமை நேர்ஸ். அவளிடம் நிலானி, விதியை ஒருநாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டாள். லோன யோசித்துவிட்டுச் சொன்னாள்: "யார் எழுதினது, ஏன் எழுதினது என்று தெரியாத விதியை நான் எடுக்கமாட்டேன். அது எந்த ஆபத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறதோ யாருக்குத் தெரியும்?"

நல்ல பதில். பொறுப்பான பதில். எழுதியது அவள்தான் என்பதை அவள் மறந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்று கோப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்தால் என்ன சொல்வது? இந்த வெள்ளைத் துண்டுகள் எல்லாம் நான்தான் என்றா? ஒரு நாளுக்கு நாலு, பதினெட்டு வருடம். கோப்பையை இரண்டாந்தரம் கழுவினேன்.

அந்தக் கிழமைதான் பிலோமினாக்கா வந்தார். மன்னாரைச் சேர்ந்தவர், கோல்டிங்கில் முதியோர் இல்லத்தில் வேலை. தேவாலயத் திருநாட்களில் கண்ட பழக்கம். பித்தப்பையில் கல். வலி வந்தால், தான் பராமரிக்கிற கிழவர்களின் கட்டிலையே பிடித்துக்கொண்டு குந்திவிடுவாராம். இன்னொருதரம் இப்படி வலி வந்து பித்தப்பை பழுதானால் நிலைமை மோசமாகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முந்தைய மாதம் ஒருதரம் வந்து, நேரமில்லை என்று திரும்பிப் போனவர். அன்றும் பட்டியலில் கடைசி. அன்றும் நேரம் போய்விட்டது. திரையில் வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. மகள் வேலையில். வார்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர் ஆஸ்பத்திரிச் சட்டையோடு, கையில் செபமாலையோடு கட்டிலில் இருந்தார்.

"அக்கா, இண்டைக்கும் இல்லையாம்."

"ஏன் தம்பி? டொக்டருக்குச் சுகமில்லையோ?"

"இல்லை அக்கா. நேரம் போட்டுது."

"ராத்திரி துவக்கம் பச்சைத்தண்ணி வாயில படேல்ல. ரெண்டாம் தரம். மாதாவிட்டையும் ரெண்டுதரம் சொல்லியாச்சு, இனி அவவும் நம்பமாட்டா." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "காலமை ஏழு மணிக்குத் துவங்கினவையெல்லே? நேரம் எங்க தம்பி போனது?"

கோபமில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. நேரம் நாலாம் அறைக் கதவுக்கு வெளியே மப் வண்டியோடு நின்றுகொண்டிருந்தது.

அவருக்கு ஒரு பாண் துண்டும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன். ரயிலில் வீட்டுக்குப் போகும்போது வயல்களைப் பார்த்தேன். வயல்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவை அந்தப் பக்கம் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்தநாள் காலைக் கூட்டத்தில் கதவடியில் நின்றேன். சுத்தப் பணியாளர்கள் அந்தக் கூட்டத்தில் பேசுவதில்லை. விதி இல்லை, வழக்கம்தான். லோன பட்டியலை வாசித்து முடித்ததும் கையை உயர்த்தினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏழாவது வரி என்னுடையது," என்றேன்.

"எப்படி உங்களுடையது?"

"நான் கெல்சனுக்குப் பயந்து வெளியே நின்றேன். நீங்கள் ஏன் என்று கேட்டீங்கள். காத்திருக்கிறோம் என்றேன். நீங்கள் எழுதினீங்கள்."

லோனவின் முகத்தில் பதினெட்டு வருடம் பின்னால் போய்த் திரும்பி வந்தது. "கடவுளே," என்றாள், மெல்லமாக. பிறகு தலைமை நேர்ஸாக நிமிர்ந்து கேட்டாள்: "அப்படியென்றால் அது எதைத் தடுக்கிறது?"

"ஒன்றையும் தடுக்கவில்லை. எனக்குக் கூச்சம்."

"பஞ்சு எண்ணிக்கை?"

"அது நோயாளி வெளியே போக முதலே முடிந்துவிடும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கூட்டக் குறிப்பில் லோன எழுதினாள். நான் பிறகு வாசித்தேன். விதி ஏழு: எழுதியவர், லோன. காரணம், கூச்சம். அடுத்த புதன்கிழமை பரீட்சார்த்தமாக நிறுத்தப்படும்.

வெளியே வந்ததும் நிலானி என் கையைப் பிடித்தாள். "அங்கிள், நான் உங்களை மாட்டிவிட்டிட்டனோ?"

"இல்லைப் பிள்ளை. நான் கனகாலமா மாட்டுப்பட்டுத்தான் நிண்டனான். நீ நேரத்தை எழுதினாய், அவ்வளவுதான்."

பிறகு கேட்டேன்: "புதன்கிழமைப் பட்டியலில கடைசி ஆர்?"

அவள் கைபேசியில் பார்த்தாள். பிலோமினாக்கா.

புதன்கிழமை வந்தது. முதல் நோயாளி விழிப்பறைக்குப் போனார். கதவு மூடியது. டொக்டர் உள்ளே கணினியில் எழுதிக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு முன்னால். நிலானி முக்காலியிலிருந்து கண்ணாடிச் சதுரத்தினூடாக என்னைப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. ஸ்ஸ்ஸ்... தக். போனேன். பைகளைக் கட்டினேன். விளக்கைத் துடைத்தேன். கணினி மேசைக்கு வந்தேன். டொக்டர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், நான் துடைப்பதற்காக முழங்கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான். பதினெட்டு வருடம் நான் பயந்தது அந்த முழங்கைக்கு.

இரண்டாவது ஒப்பரேஷனும் நேரத்துக்கு முடிந்தது. மூன்றாவது இழுத்தது. உள்ளே பழைய காயங்கள் ஒட்டிக்கிடந்தன, பிரித்தெடுக்க நேரமானது. அதை யாரும் குறைசொல்ல முடியாது. கடைசி நோயாளி இரண்டு மணிக்குள் அறைக்குள் வராவிட்டால் அன்றைக்கு ஒப்பரேஷன் இல்லை. மூன்றாவது ஆளைக் கட்டிலுக்கு மாற்றியபோது சுவர்க் கடிகாரத்தில் இரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது. லோன கதவடிக்கு வந்தாள். ஒரு கையில் தொலைபேசி. பிலோமினாக்காவை வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் தொலைபேசி அதுதான்.

அவசரப்பட்டேன் என்று எழுதினால் பொய். அந்த வேலையில் அவசரம் உதவாது. வழக்கமான வேகம்தான், ஆனால் உடனே தொடங்கினேன். பைகள். விளக்கு. திரை. மெத்தையின் மேல், மெத்தையின் அடி. தோள் சத்தம் போட்டது, போடட்டும் என்று விட்டேன். தூரத்து மூலையிலிருந்து நிலம். கதவில் முடித்தேன். ஈரம் காயும்வரை நின்றேன். அந்த ஒரு நிற்றலுக்கு மட்டும் காரணம் உண்டு. கதவடியில் தொடங்கி மூலைவரை, நிலத்தின் பளபளப்பு மெல்ல மெல்ல மங்கியது.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்றாள் லோன.

வழக்கமாக, டொக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன். "தயார்," என்றேன். அவள் கையிலிருந்த தொலைபேசியைக் கேட்டு வாங்கி, வார்ட்டுக்கு நானே சொன்னேன்: "நாலாம் அறை. அனுப்புங்கோ."

பிலோமினாக்காவின் கட்டில் வந்தபோது ஏழு நிமிடம் மிச்சமிருந்தது. முகக்கவசத்துக்கு மேலே என் கண்களை அடையாளம் கண்டார். முகம் வாடிவிட்டது.

"நீரோ தம்பி? திருப்பி அனுப்பத்தானே வந்தனீர்?"

"இல்லை அக்கா. இண்டைக்கு உள்ள கொண்டுபோகத்தான்."

"உண்மையோ?"

"உண்மை."

"சும்மா சொல்லாதையும். எனக்குப் பசிக்குது."

மயக்கமருந்து ஏறும்வரை அவர் நம்பவில்லை. விழித்ததும் முதலில் கேட்டது, என்ன நடந்தது என்றல்ல, சோறு இருக்கிறதா என்று. ஆஸ்பத்திரியில் சோறு இல்லை. உருளைக்கிழங்கு இருந்தது.

ஏழாவது வரியை எடுத்துவிட்டு, புதிய தாளை லமினேட் செய்தார்கள். நிலானியின் போஸ்டர் கோப்பி மெஷினுக்கு மேல், பழைய போஸ்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. வாசித்தவர்களை நான் காணவில்லை. ஆனால் வெள்ளைத் துண்டுகள் அனேகமாக இல்லாமல் போயின. டொக்டர்மாருக்கு அமைதியாக மின்னஞ்சல் எழுத வேறு இடம் கிடைக்கவில்லை. அதற்கு இன்னொரு பயிற்சி டொக்டர் வரவேண்டும்.

பிறகு என் தோள். பிறகு ஓய்வு. இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்தியிருப்பேன், போன மாதம் முதலில் சொன்ன அந்தக் கடைக்குள் கெல்சனைக் காணாமல் இருந்திருந்தால்.

மீன் பெட்டிக்கு முன்னால் நின்றார். எண்பதைத் தாண்டியிருப்பார். உயரம் கொஞ்சம் குறைந்திருந்தது, குரல் அதே தாழ்வு. என்னை அடையாளம் கண்டது எனக்கு ஆச்சரியம். ஆறு வருடம் கண்ணாடியினூடாகத்தான் பார்த்திருக்கிறோம். வெளிக்கதவை நோக்கி நடந்துகொண்டே ஏழாவது வரியின் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. ஒப்பரேஷன் நேரத்திலும் அவர் அப்படித்தான் கேட்பார் என்று நேர்ஸ்மார் சொல்வார்கள்.

"எனக்காகவா வெளியே நின்றீங்கள்?" என்றார்.

"ஓம்."

"நான் உங்களுக்காகத்தான் உள்ளே இருந்தேன்."

எனக்கு விளங்கவில்லை.

"இரத்தம் கிடக்கிற அறையை அப்படியே விட்டுவிட்டுப் போவது சரியில்லை என்று நினைத்தேன். ஒரு ஆள் வந்து பொறுப்பெடுக்கட்டும், நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். நீங்கள் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். பிறகு களைத்துப்போய் எழும்பிவிடுவேன்." கொஞ்சம் யோசித்தார். "நீங்கள் மந்தமான ஆள் என்று நினைத்தேன்."

"நீங்கள் செபம் பண்ணுகிறீங்கள் என்று நான் நினைத்தேன்."

"நானா?" என்றார்.

கதவடிக்கு வந்துவிட்டோம். அவர் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"எங்கள் இரண்டு பேராலும் யாராவது திரும்பிப் போனார்களா?"

"போனார்கள். எத்தனை பேர் என்று தெரியாது. ஒருவரின் பெயர் மட்டும் தெரியும். பிலோமினா."

"இப்போது எப்படி இருக்கிறார்?"

"சாப்பிடுகிறார்."

கெல்சன் தலையாட்டினார். கதவு பெருமூச்சுவிட்டுத் திறந்தது. நான் நின்றேன். அவரும் நின்றார். முதலில் போகச் சொல்லி அவர் எனக்குக் கையைக் காட்டினார், நான் அவருக்குக் கையைக் காட்டினேன். கதவு மூடியது. மறுபடி திறந்தது. பின்னால் தள்ளுவண்டியோடு நின்ற பெண், நாங்கள் போகப் போகிறோமா இல்லையா என்று கேட்டாள்.

"மன்னிக்கவும்," என்றார் கெல்சன் அவளிடம், முகத்தில் ஒரு அசைவுமில்லாமல். "இங்கே ஒரு விதி இருந்தது."

நான் முதலில் போனேன். அவர் பின்னால் வந்து, சைக்கிள் கூடையில் மீனை வைத்து, தலைக்கவசத்தின் வாரைப் பூட்டினார். ஏறி இருந்தவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி திரும்பினார்.

"ஒருநாள் கோப்பி குடிக்க வாருங்கோ," என்றார். "மணியை அடித்துவிட்டு நேரே உள்ளே வாருங்கோ. வெளியே நிற்கவேண்டாம்."